சூடு ஆறாத கை

வேலை முடிந்து வரும் மரிவிக்கிடம் அவள் வீட்டில் யாரும் ஐஸ் போட்ட தண்ணீரை நீட்ட மாட்டார்கள். நீட்டினாலும் வாங்க மாட்டாள். கையில் ஒட்டிய எண்ணெயைத் துண்டால் துடைப்பாள், விரல்களை ஒவ்வொன்றாக நீவி விடுவாள், கரண்டியால் சோற்றை அள்ளிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வாள். பாத்திரம் கழுவுவது மகளின் பாடு. கை கழுவுவது, குளிப்பது எல்லாம் விடிந்த பிறகுதான். நாள் முழுக்க அடுத்தவர் முதுகில் உழைத்துச் சூடேறிய கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்தால் பஸ்மா வரும். நரம்பு புடைக்கும், உள்ளங்கை வியர்க்கும், விரல் நடுங்கும். சாந்தா மார்த்தா ஊரில் இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

மரிவிக்குக்கு இது கேள்விப்பட்ட சங்கதி மட்டும் அல்ல. அவள் அம்மா வசதியான வீடுகளுக்குத் துணி தேய்த்துக் கொடுத்தவள். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியோடு மத்தியானம் வரை நின்றிருந்த ஒரு நாள், திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கொடியில் கிடந்த நீதிபதி வீட்டு வெள்ளைச் சட்டைகளைக் காப்பாற்ற அப்படியே ஓடினாள். சட்டைகள் தப்பின. சில வருஷங்களில் அம்மாவால் சூப்பைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் போனது. டாக்டர் நரம்பு வியாதி என்று ஏதோ நீளமான பெயர் சொன்னார். அம்மா மழை என்றாள். மரிவிக் அம்மா பக்கம்.

சின்ன வயதில் மணிலாவில் வீட்டு வேலை பார்த்தாள். திரும்பி வந்து ஆள் ஏற்றும் ஜீப்னி வண்டி ஓட்டும் ரோடெலைக் கட்டிக்கொண்டாள். மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், சந்தைக்குப் பின்னால் இருக்கும் லூர்தஸ் மேடத்தின் மசாஜ் கடையில் துண்டு மடிக்கச் சேர்ந்தாள். ஒருநாள் ஆள் குறைந்தபோது, "இவர் தோளை மட்டும் கொஞ்சம் பிடிச்சு விடு" என்றார் மேடம். அந்தத் தோள்காரர், விடுமுறையில் வந்திருந்த கப்பல்காரர், மறுநாளும் வந்து, "நேத்து வந்த பொண்ணு எங்கே?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவள் துண்டு மடிக்கவில்லை. அவள் வேலை செய்யும்போது பேச மாட்டாள். வாடிக்கையாளர் குப்புறப் படுத்ததும், "எங்கே?" என்று ஒரு கேள்வி. அவர் சொல்லும் இடத்தை விட்டுவிட்டு வேறோர் இடத்தில் கட்டைவிரலை வைப்பாள். "அங்கேதான்" என்பார் அவர்.

லைசென்ஸ் என்பது வெகுகாலம் சுவரில் மாட்டுகிற அலங்காரமாகத்தான் இருந்தது. கடையில் எப்ரென் ஒருவரிடம்தான் அது இருந்தது. எப்ரெனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்வையற்றோர் சங்கம் அவரைப் பயிற்சிக்கு அனுப்பிப் பரீட்சையும் எழுத வைத்திருந்தது. பிறகு நகராட்சி கண்டிப்பு காட்டத் தொடங்கியது. சுகாதாரத் துறையின் லைசென்ஸ் வைத்திருப்பவர் மசாஜ் சிகிச்சையாளர். இல்லாதவர் வெறும் பணிப்பெண். பணிப்பெண் என்றால் கரோக்கி பாரில் வேலை செய்யும் பெண்களோடு சேர்ந்து புதன்கிழமை கிளினிக்கில் வரிசையில் நின்று, உள்ளே போய்ப் படுத்துப் பால்வினை நோய்ப் பரிசோதனை செய்துகொண்டு, இளஞ்சிவப்பு அட்டையில் முத்திரை வாங்கி வர வேண்டும். அட்டையை இடுப்பில் வைத்திருக்க வேண்டும், யார் கேட்டாலும் காட்ட.

"அது நமக்கு வேண்டாம்" என்றார் லூர்தஸ் மேடம். "நீ பரீட்சை எழுது."

மரிவிக் எழுதினாள். பயிற்சி வகுப்பில் எலும்புகளுக்கு லத்தீன் பெயர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் கையால் அறிந்தவற்றுக்கு இவ்வளவு கௌரவமான பெயர்கள் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. சோறு கிளறும்போதும் ஸ்காபுலா, ஸ்காபுலா என்று முணுமுணுத்தாள். எழுத்துப் பரீட்சையில் நல்ல மதிப்பெண். செய்முறைப் பரீட்சை இலோய்லோ நகரத்தில், ஒரு நர்சிங் கல்லூரிக் கூடத்தில். அண்டை வீட்டுக்காரியை மேசையில் படுக்க வைத்து, வரிசை தவறாமல் எல்லாவற்றையும் செய்து முடித்தாள். பரிசோதகராக வந்திருந்த டாக்டர் அம்மாள் தலையாட்டிவிட்டு, "சரி, கை கழுவுங்க" என்றார்.

மரிவிக் குழாயைப் பார்த்தாள்.

"கொஞ்ச நேரம் கழிச்சு, மேடம்."

"இப்பவே. இதுவும் பரீட்சைல ஒரு பகுதி."

"கை சூடா இருக்கு, மேடம். ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுக்கறேனே."

டாக்டர் அம்மாள் சண்டை போடவில்லை. குறித்துக்கொண்டார். சுகாதாரம் என்ற பகுதியில் தேறாதவர், மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் தேறாதவர்தான்.

"கேளுங்க, கேளுங்க!" என்றார் எப்ரென், முடிவு வந்த அன்று. கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரம். "எலும்பு பேரெல்லாம் பாதிரியார் மாதிரி ஒப்பிச்சவ, கை கழுவத் தெரியாம பெயிலாயிட்டா! எனக்குக் கண்ணு தெரியாது, ஆனா நீ கழுவாததை இலோய்லோவே பார்த்திருக்கு."

"கழுவத் தெரியாம இல்ல நோங். கழுவ மாட்டேன்னேன்." வயதில் மூத்த ஆண்களை அங்கே நோங் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ரெண்டுக்கும் ஒரே மார்க்குதான் இந்தாய்." இளைய பெண்களைச் செல்லமாகக் கூப்பிடும் சொல் அது.

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"கழுவினேன். வேற என்ன பண்றது? அப்புறம் ரெண்டு கையையும் அக்குள்ல சொருகிக்கிட்டு பஸ்ல உட்கார்ந்து வந்தேன். கண்டக்டர், பாவம் குருடனுக்குக் குளிர் ஜுரம்னு நினைச்சு டிக்கெட்டே கேட்கல."

"பஸ்மா வரலையா?"

"வந்தா வெந்நீர்ல உப்புப் போட்டு ஊற வைக்கிறது. அதுக்கும் அடங்கலேன்னா நம்ம ஊரு வைத்தியம் இருக்கே, காலையில எழுந்ததும் முதல்ல வருமே, அதைப் பிடிச்சு..."

"ச்சீ! இந்தக் கையாலதான் மேயரோட மாமியாருக்குப் பிடிச்சு விடறீங்க!"

"அந்தம்மா என்னிக்காவது குறை சொல்லியிருக்கா?"

மேடம்கூடச் சிரித்துவிட்டார். ஆனால் சிரித்து முடித்ததும் சொன்னார்: "மரிவிக், அடுத்த பரீட்சை வரைக்கும் நீ அட்டை வாங்கணும். எனக்கு வேற வழி இல்ல. அதுலயும் போச்சுன்னா உன்னைத் துணி துவைக்கிற பக்கம்தான் போட முடியும்."

முதல் புதன்கிழமை அவள் தேவாலயத்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு போனாள். கிளினிக்கின் வரிசை கட்டிடத்துக்கு வெளியே, சாலையோரமாகவே நின்றது. முன்னால் நின்ற பெண்கள் தூக்கம் கலையாத முகத்தோடு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவளுக்குப் பாதி ரொட்டி கொடுத்தாள். மரிவிக் வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண்களைப் பற்றி அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. சாலையில் போன ஒவ்வொரு ஜீப்னியும்தான் அவளைச் சுட்டது. ரோடெலின் கூட்டாளிகள் ஓட்டும் தடம் அது. உள்ளே நர்ஸ் தலை நிமிராமல், "ஒரு வாரத்துல எத்தனை பேர்?" என்று கேட்டாள். எத்தனை பேர் முதுகு என்று கேட்கவில்லை என்பது மரிவிக்குக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

வீட்டில் அவள் எதுவும் சொல்லவில்லை. அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

அதற்குப் பிறகும் போய் வந்தாள். ஒவ்வொரு முறையும் தேவாலய உடுப்பு. நடுவில் ஒருநாள் கப்பல்காரரின் முதுகில் முழங்கையால் வேலை செய்துகொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சூடேறுவது உள்ளங்கை. கடைசிப் பகுதியை முழுக்க முன்கையாலும் முழங்கையாலும் செய்தால், முடிக்கும்போது கை ஆறியிருக்கும். ஆறிய கையைத் தண்ணீர் என்ன செய்யும்? அன்றிலிருந்து அப்படியே பழகினாள். கப்பல்காரர், "இது என்ன புது வித்தை?" என்று கேட்டார். "பரீட்சைக்கு" என்றாள்.

இரண்டாம் முறை மேசையில் படுக்க ரோடெலையே அழைத்துப் போனாள். அண்டை வீட்டுக்காரிக்கு ராசி இல்லை என்பது அவன் கட்சி. ஒரு நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு, சொந்த ஜீப்னியிலேயே அவளை ஏற்றிக்கொண்டு வந்தான்.

"சட்டையைக் கழட்டிட்டுப் படுங்க, சார்" என்றார் பரிசோதகர். அதே டாக்டர் அம்மாள்.

"இந்தத் தொப்பைக்கும் மார்க் உண்டா, டாக்டர்?"

"பேசாம படு" என்றாள் மரிவிக்.

பேசாமல்தான் படுத்தான். கொஞ்ச நேரத்தில் குறட்டை விடவும் செய்தான். பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மரிவிக் முதுகை முடித்து, தொடைக்கு வந்து, உள்ளங்கைகளை எடுத்துவிட்டு முன்கையைப் பதித்தாள். விரல்களைக் காற்றில் விரித்து வைத்துக்கொண்டாள். சூடு இறங்குவது அவளுக்குத் தெரிந்தது.

"அது பாடத்துல இல்லையே" என்றார் டாக்டர் அம்மாள். "சொல்லிக் கொடுத்த முறைப்படி உள்ளங்கையால நீவி முடிங்க. கால் ரெண்டும் பாக்கி இருக்கு."

மரிவிக் உள்ளங்கைகளில் எண்ணெய் ஊற்றிக்கொண்டாள். ஜீப்னி ஓட்டுகிறவன் கால், கட்டை மாதிரி இருந்தது. இரண்டு கால்களையும் முறைப்படி நீவி, பிசைந்து, தட்டி முடித்தபோது அவள் கை அடுப்பிலிருந்து எடுத்த கல்லாகக் கொதித்தது.

"முடிஞ்சுதா? கை கழுவுங்க."

ரோடெல் விழித்துக்கொண்டான். முழங்கையை ஊன்றி எழுந்தான். "விக், வேண்டாம். கை எப்படிச் சுடுது, என் காலுக்கே தெரியுது. உங்கம்மாவை நினைச்சுப் பாரு. லைசென்ஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கிளம்பு."

மரிவிக் அவன் பக்கம் குனிந்தாள். அவன் தோளில் துண்டைப் போர்த்துவதுபோல.

"புதன்கிழமை கிளினிக் வரிசையில நிக்கறேன், ரோடெல். பெயிலானதிலேர்ந்து. பார் பொண்ணுங்களோட. இனிமே நிக்க மாட்டேன்."

அவன் மேசையிலிருந்து கால்களை இறக்கி, குழாய்க்குப் போக அவளுக்கு வழிவிட்டான்.

அவள் குழாயடிக்குப் போனாள். தண்ணீர் அவள் நினைத்ததைவிடக் குளிர்ந்திருந்தது. கையை உடனே இழுத்துக்கொள்ளத் தோன்றியது. சோப்பை எடுத்து, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகம், மணிக்கட்டு என்று சுவரில் ஒட்டியிருந்த படத்தில் உள்ளபடி தேய்த்தாள். அவசரப்படவில்லை. அம்மாவின் முகம் வந்தது, போனது. குழாயை மூடிவிட்டுத் திரும்பியபோது டாக்டர் அம்மாள் காகிதத் துண்டை நீட்டிக்கொண்டு நின்றார். "நல்லாத் துடைச்சுக்குங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்குப் போய் வெந்நீர்ல வச்சுக்குங்க" என்றார்.

ஜீப்னியில் ரோடெல் கழுத்திலிருந்த துண்டை எடுத்து அவள் இரண்டு கைகளையும் சேர்த்து மூட்டை மாதிரி சுற்றினான். வழியில் காப்பி வாங்கியபோது கோப்பையை அவனே அவள் வாயருகே பிடித்தான்.

"எத்தனை தடவை போனே?"

"எண்ணல."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா என்ன பண்ணியிருப்பே? போகாதேன்னு கத்தியிருப்பே."

"கத்தியிருப்பேன். அப்புறம் வண்டியில கொண்டுபோய் விட்டிருப்பேன். வெயில்ல அவ்வளவு தூரம் நடந்தா போனே?"

"காப்பி சுடுது. ஊதிக் கொடு" என்றாள் மரிவிக்.

முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. அதுவரை அவள் காலையில் எழுந்ததும் முதலில் விரல்களை நீட்டிப் பார்ப்பாள். அவை சும்மாதான் இருந்தன. வெந்நீரில் உப்புப் போட்டதால்தான் என்றாள். எப்ரென் வேறு ஏதோ காரணம் சொல்ல ஆரம்பித்தபோது அவர் மேல் துண்டை விட்டெறிந்தாள். அவர் சரியாகப் பிடித்தார்.

தேறியிருந்தாள்.

அடுத்த புதன்கிழமை ரோடெல் அவளைக் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தான். அவள் வரிசையைத் தாண்டி நேரே உள்ளே போய், இளஞ்சிவப்பு அட்டையை மேசைமேல் வைத்தாள். லைசென்ஸைக் காட்டினாள். நர்ஸ் இந்த முறை நிமிர்ந்து பார்த்தாள். கழுத்து முழுதாக நிமிர மறுத்தது.

"இனிமே வர வேண்டாம், மனாங்" என்றாள். முதல் தடவையாக அக்கா என்று கூப்பிட்டாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டே, "உங்க கடை எங்கே இருக்கு?" என்று கேட்டாள்.

"சந்தைக்குப் பின்னாடி. வாங்க."

வெளியே வந்தபோது, ரொட்டியில் பாதி கொடுத்த பெண் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் ஒரு மசாஜ் கடையில் இருப்பவள் என்பது இப்போதுதான் தெரிந்தது. லைசென்ஸைக் கையில் வாங்கிப் புகைப்படத்தைப் பார்த்தாள்.

"பரீட்சை ரொம்பக் கஷ்டமா, மனாங்? நான் படிப்பு அவ்வளவா இல்லாதவ."

"எலும்பு பேரெல்லாம் நான் சொல்லித் தர்றேன். மத்ததெல்லாம் உனக்கே தெரியும்" என்றாள் மரிவிக். "முடிச்சதும் கையைக் கழுவச் சொல்லுவாங்க."

அந்தப் பெண் பதறிப்போனாள். "மசாஜ் பண்ணின உடனேயா? அந்தச் சூட்டோடவா?"

"உடனேதான்."

வரிசையில் முன்னும் பின்னும் நின்றவர்கள் போனிலிருந்து தலை தூக்கினார்கள். மரிவிக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுவரோரம் இருந்த நிழலில் அவள் பக்கத்தில் நின்று, எப்படிச் செய்வதென்று சொல்ல ஆரம்பித்தாள்.