நான் விழுங்கிய பெயர்

கலைவாணியின் பெயரை மறைத்தது நான்தான். மறதியால் அல்ல, வேண்டுமென்றே!

எனக்குக் காசநோய் என்று உறுதியான அன்று, குளுவாங் அரசாங்கக் கிளினிக்கில் தாதி கேட்டார்: "உங்ககூட ரொம்ப நேரம் இருக்கிறவங்க யார் யாரு? எல்லாரையும் செக் பண்ணணும்."

கணவரைச் சொன்னேன். மகளைச் சொன்னேன். தினமும் என்னைத் தன் காரில் தொழிற்சாலைக்கு ஏற்றிச் செல்லும் கலைவாணியின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது... விழுங்கிவிட்டேன். வேலையிடத்தில் தெரிந்தால் என் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? நெஞ்சில் சளி என்று மட்டும் சொல்லி விடுப்பு எடுத்தேன்.

அப்புறம் நான் அடித்த கூத்தைக் கேளுங்கள். வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனிக் குவளை. கொதிநீர் ஊற்றி ஊற்றிக் கழுவினேன். எவ்வளவு பொறுப்பானவள் நான்!

மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. பயந்து கேட்டேன். மருந்தின் நிறம்தான் என்று தாதி சிரித்தார். அன்று பிடித்தது எனக்குக் கேள்விப் பைத்தியம். தினமும் அவர் கண்முன்னால் மாத்திரையை விழுங்கிவிட்டு ஏதாவது கேட்பேன். இந்தக் கிருமி எப்படி வந்தது? யாரோ இருமிய காற்றில். எப்போது? யாருக்குத் தெரியும், உடம்புக்குள் வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்குமாம்! உடம்பு தளர்ந்ததும் விழித்து நுரையீரலை அரித்துக் குழியாக்குமாம். என் மாலைக் காய்ச்சலும் இளைப்பும் அதன் வேலைதானாம்.

"தட்டு, கிளாஸ்ல ஒட்டுமா?"

"அதுல ஒட்டாது லா. காத்துலதான் பரவும். ஜன்னல் அடைச்ச இடம்தான் ஆபத்து."

ஜன்னல் அடைத்த இடம்... இரண்டு மாதம் அந்தச் சின்னக் காரில், ஏர்கோன் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டே போனேனே!

அப்போதாவது சொன்னேனா? இல்லை. ஏன்? அத்தனை கேள்வி கேட்டவள், இந்த ஒன்றை மட்டும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

நான் தேறினேன். போன மாதம் கலைவாணி முகக்கவசத்தோடு என் வாசலில் நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"எனக்கு டிபியாம்டி. எங்க பக்கத்துக் கிளினிக்ல, யார்கூட இருந்தேன்னு கேட்டாங்க. உன் பேரத்தான் முதல்ல கொடுத்தேன். உடனே போய் செக் பண்ணிக்க. என்னால உனக்கு வந்திருந்தா நான் என்ன செய்வேன்..."

எனக்கு ஒட்டிவிடக் கூடாதென்று வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று அழுதாள்.

"சரி" என்றேன். அது மட்டும்தான் சொன்னேன்.