கச்சான் காற்றை மறைத்த சாரம்

குருக்கள்மடத்தில் என் பட்டறையில் ஒரு யன்னல் கிறில்லை ஒட்டி முடித்து முகமூடியைத் தூக்கியபோது கைபேசி அடித்தது. காத்தான்குடியிலிருந்து ஹனீபாவின் தம்பி றிஸ்வான்.

"காக்கா மௌத்தாகிட்டாரு அண்ணன். விடியச் சுபஹுத் தொழுதிட்டுப் படுத்தவரு, எழும்பல்ல. பின்னேரம் அசருக்குப் பொறகு அடக்கம்."

என் கண்ணுக்குள் வெல்டிங் வெளிச்சத்தின் பச்சைப் பொட்டு இன்னும் மிதந்துகொண்டிருந்தது. அது மறைவதற்குள் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

ஆறு வருடம் ஹனீபாவோடு நான் பேசியதில்லை. என்னைவிட ஏழு வயது இளையவர் என்பதால் முன்பு ஒருமையில் அழைத்தேன். இன்று அப்படி எழுதக் கை வரவில்லை.

நான் பௌதிகவியல் பட்டதாரி. அரச வேலை நியமனப் பட்டியலில் என் பெயரை விட்டுவிட்டவரின் முகமும், அந்த இடத்தில் போய் அமர்ந்தவரின் முகமும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். அவர்களை மன்னித்துவிட்டதாக எழுதினால் அது பொய். நாற்பத்தைந்து வயதில், கட்டாரில் வெல்டராக இருந்து திரும்பியிருந்த ஹனீபாவின் வாவிக்கரைப் பட்டறைக்கு வேலை கேட்டுப் போனேன். "பட்டதாரி அண்ணன், இஞ்ச பரீட்சையெல்லாம் இல்ல. கை நடுங்காட்டிப் பாஸ்" என்று சிரித்தார்.

அவரிடம் இருந்தது, சுருளிலிருந்து கம்பி தானாக ஓடிவரும் இயந்திரம். விசையை அழுத்தினால் கம்பியோடு சேர்ந்து வாயுவும் வரும். உருகும் இரும்பைக் காற்று தொடாமல் அந்த வாயு மூடிக்கொள்ளும். இரும்பு மினுங்கும்வரை துருவைத் தேய்க்கச் சொன்னார். கம்பியின் நுனி சுண்டுவிரல் நகத்தளவுக்கு மேல் நீளக் கூடாது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். இறால் பொரிகிற சத்தம் ஒரே சீராக வந்தால் எல்லாம் சரி. வெடித்து வெடித்து வந்தால் நிறுத்த வேண்டும்.

"வெளிச்சத்தப் பார்க்காதீங்க அண்ணன். அதுக்குப் பின்னால சின்னதா ஒரு குளம் இரிக்கி. அதக் கூட்டிக்கிட்டுப் போங்க."

கறுப்புக் கண்ணாடிக்குள் அந்தக் குளத்தை முதன்முதலில் கண்ட நாளை மறக்க முடியாது. உலகம் அணைந்துபோய், செம்மஞ்சளாக ஒரு துளி நீர்நிலை மட்டும் அசைந்தது. நான் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. பட்டியலும் முகங்களும் எங்கோ கரைந்துபோயின. அவை திரும்பி வந்தால் கை நின்றுவிடும், தகட்டில் ஓட்டை விழும். தகடு ஆறியதும் ஹனீபா அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து, "இப்ப ஆரோட சண்டை?" என்று கேட்பார்.

கச்சான் என்கிற மேல்காற்று வீசும் ஒரு காலத்தில், பள்ளிவாசலின் சந்தூக்கு பட்டறைக்கு வந்தது. இறந்தவரின் மையித்தைச் சுமந்துபோகும் இரும்புப் பெட்டி அது. அதன் முன் கைப்பிடி ஒன்றின் ஒட்டு விட்டுப்போயிருந்தது. அந்த வேலையை என்னிடம் தந்துவிட்டு அவர் தொழப் போனார். வெக்கை தாங்க முடியாமல், வாவிக்காற்று வாங்கலாமென்று மேசையை வெளியே இழுத்துப் போட்டு ஒட்டினேன். காற்று வாயுவைக் கொண்டுபோய்விட்டது. ஒட்டு முழுக்க ஊசித்துளைகள். பௌதிகம் படித்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். இருந்தும் கிரைண்டரால் தேய்த்து, புட்டி பூசி, பச்சைப் பெயின்ற் அடித்தேன்.

திரும்பி வந்த ஹனீபா ஒரு தட்டுத் தட்டினார். கைப்பிடி கழன்று விழுந்தது. பள்ளிவாசல் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இது ஆளத் தூக்கிற சாமான் அண்ணன். நாளைக்கு நானும் இதுலதான் போறவன். என்னக் கீழ போட்டிராதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பட்டியலில் இரண்டாம் முறை பெயர் விடுபட்டதுபோல் இருந்தது. மேசையை உள்ளே இழுக்க விடாமல், அதே இடத்தில் திரும்ப ஒட்டச் சொன்னார். கொடியில் காய்ந்த, இடுப்பில் கட்டும் சாரமொன்றை எடுத்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, வாவிக்கு முதுகு காட்டி நின்றார். சாரம் தோணிப் பாய்போல் உப்பி அடித்தது. நான் ஒட்டி முடியும்வரை அவர் கையை இறக்கவில்லை. ஆட்களுக்கு முன்னால் என்னைச் சிறுபிள்ளையாக்கி விட்டார் என்றே அன்று எண்ணினேன். மாத முடிவில் சொல்லாமல் விலகினேன். அவருடைய மகளின் கலியாணத்துக்கு அவரே வீடுதேடி வந்து அழைத்தார். அதற்கும் போகவில்லை.

இன்று அசர்த் தொழுகைக்குப் பிறகு, காத்தான்குடிப் பள்ளிவாசலிலிருந்து சந்தூக்கை வெளியே கொண்டுவந்தார்கள். அதே பச்சை. ஒதுங்கி நின்ற என்னை றிஸ்வான் கண்டுவிட்டார். "அண்ணன், நீங்களும் ஒரு கை புடிங்க" என்றார்.

முன் கைப்பிடியைப் பிடித்தேன். பெயின்றுக்குக் கீழே என் ஒட்டின் வரிகள் விரலுக்குத் தட்டுப்பட்டன, வாவியின் சிற்றலைகள் வரிசையாக உறைந்து நிற்பதுபோல. ஒரு துளையும் இல்லை. தெருவும் ஆட்களும் மங்கலாகி, எங்கோ ஒரு சாரம் படபடப்பது மட்டும் எனக்குக் கேட்டது. அன்று அவர் சாரத்தால் மறைத்துக் காத்தது என்னைத்தான் என்று ஆறு வருடம் கழித்து விளங்கியது. அதை நான் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் என் தோளுக்குப் பக்கத்தில் சந்தூக்குக்குள் வந்துகொண்டிருந்தார்.

கச்சான் வீசிக்கொண்டிருந்தது. நான் வாவிப் பக்கமாகவே, காற்றுக்கும் அவருக்கும் நடுவில் நடந்தேன்.

போய் வாருங்கள், ஹனீபா. கைப்பிடி தாங்கியது.