நாலு பத்துக்கு ஏறும் கடல்

டெப்போவில் அவருடைய சொந்தப் பெயர் டூட்டிப் பலகையில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் பதினேழு. பத்தொன்பது வருஷமாகப் பதினேழாம் நம்பர் பஸ்ஸையே ஓட்டுகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? "பதினேழு வந்தாச்சா?", "பதினேழு இன்னைக்கு லீவா?" என்றுதான் கேட்பார்கள். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

ரயில் நிலையத்தில் கிளம்பி, ஆஸ்பத்திரி, சந்தை, மூன்று பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு, கடைசியில் கடலோரச் சரணாலயத்தின் வாசலில் போய் நிற்கும் பஸ் அது. அங்கே பதினோரு நிமிஷம் நிறுத்தம். அதற்குள் முகம் கழுவி, ஒரு டீ குடித்து, டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்ப வேண்டும். ஆகவே சரணாலயத்தின் வாசலையும் கழிப்பறையையும் தவிர அவர் எதையும் பார்த்ததில்லை. இறங்குகிறவர்கள் "உள்ள நல்லா இருக்குமா டிரைவர்?" என்று கேட்டால் மட்டும், "பிரமாதமா இருக்கும், போயிட்டு வாங்க" என்று கூசாமல் சொல்லிவிடுவார்.

நேரத்தைப் பற்றி அவருக்கென்று ஒரு சித்தாந்தம் உண்டு. எழுதி வைத்த நேரம் வேறு, நடக்கிற நேரம் வேறு. டைம்டேபிளில் நாலு பத்து என்று போட்டிருந்தால் வண்டி நாலு இருபதுக்கு வரும். டாக்டர் பத்து மணி என்றால் பதினொன்றேகால். அச்சடித்த எந்த நேரத்துக்கும் குறைந்தது பத்து நிமிஷம் சலுகை உண்டு என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. அதைத் தப்பு என்று சொல்ல இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

அவர் மனைவி தையல்காரி. மூன்று தெரு தள்ளி, துணியைப் பிடித்தும் தளர்த்தியும் தருகிற கடையில் வேலை. "ஊர்ல யாருக்குத் தொப்பை விழுந்தாலும் எனக்குத்தான் முதல்ல தெரியும்" என்று பெருமையாகச் சொல்லுவாள். போன வருஷம் அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன் ஆயிற்று. நல்லபடியாகவே முடிந்தது. ஏழாவது மாதம் டாக்டர் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "இனிமே உங்க வேலையப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் விட்டாலும் பதினேழு விடுவதாக இல்லை. அவள் கையில் வாளியைப் பார்த்தால் பிடுங்கிக்கொள்வார். சந்தைக்கு அவரே போய், முற்றின வெண்டைக்காயாகப் பார்த்து வாங்கி வருவார். வீட்டில் இருந்த தையல் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, போர்வை போட்டு மூடியும் வைத்தார். அவள் சமையலறையிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து சமையலறைக்கும் நடந்து, பொழுதைப் போக்கினாள். "ஆபரேஷன்ல பொழைச்சுட்டேன். இவர் கவனிப்புலதான் போய்ச் சேருவேன் போல" என்று பக்கத்து வீட்டில் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. விழுந்து என்ன? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் இருமினாலே ஓடிவந்து பக்கத்தில் நின்றுவிடுவார்.

இப்படியிருக்கும்போது கடை முதலாளியம்மா ஆள் அனுப்பினாள். திங்கட்கிழமை வந்தால் வரட்டும்; இல்லாவிட்டால் கடையில் அவள் உட்காருகிற மெஷினில் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று.

"போகக் கூடாது" என்றார் பதினேழு.

"ஏன்?"

"மூச்சு வாங்கும்."

"வாங்காது. வேணும்னா நடந்து காட்டட்டுமா? எவ்வளவு தூரம்னு நீங்களே சொல்லுங்க. மூச்சு வாங்காம போயிட்டு வந்துட்டேன்னா திங்கட்கிழமை நான் கடைக்குப் போவேன். வாங்குச்சுன்னா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

அவர் ஒரு நாள் பூராவும் யோசித்தார். பிறகு சரணாலயம் என்றார். மேடு பள்ளம் அதிகம் இல்லை, வாசல் வரைக்கும் பஸ் போகும், அதுவும் தன் பஸ் என்பது அவர் கணக்கு. அவளுக்கு அது தோதாகப் போயிற்று. இத்தனை வருஷமாகப் புருஷன் தினமும் ஆறு தடவை போய் வருகிற இடத்தை அவள் கண்ணால் கண்டதில்லை.

சனிக்கிழமை அவருக்கு வார விடுமுறை. இரண்டு பேரும் டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார்கள். வழி நெடுக அவர் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. "கொஞ்சம் சும்மா இருங்க. அவர்தான் ஓட்டறாரே" என்று அவள் அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

வாசலில் இருந்த காவல்கார அம்மா வாயைப் பிளந்தாள். "அண்ணே, நீங்க உள்ள வர்றீங்களா? இன்னைக்கு மழை கொட்டப்போகுது" என்றவள், கடல் ஏறும் நேரம் எழுதியிருந்த பலகையைக் காட்டிப் புத்தியும் சொன்னாள். "கரை மேலயே நேரா போங்க. நடுவுல ஒரு அறுபது அடி தூரம் பள்ளம். அதைத் தாண்டினா மேடு, அங்கதான் பறவை பார்க்கிற குடில். நாலு பத்துக்குப் பள்ளத்துல கடல் தண்ணி ஏறிடும். அதுக்கு முன்னால இந்தப் பக்கம் வந்துடுங்க. விட்டா, வடியறதுக்கு மூணு மணி நேரம் ஆகும்."

பதினேழு தலையை ஆட்டினார். நாலு பத்து என்றால் நாலு இருபது, நாலு இருபத்தைந்து. அவருக்குத் தெரியாத நாலு பத்தா?

நடந்தார்கள். குடை, பிளாஸ்க், இரண்டு ஸ்வெட்டர், மடக்கு நாற்காலி எல்லாம் அவர் தோளில். ஒவ்வொரு பெஞ்சிலும் அவளை உட்காரச் சொன்னார். அவள் நான்கில் மூன்றை உதறிவிட்டு நடந்தாள். பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு அவள் மூச்சைக் கேட்டபடியே அவர் வந்தார். அது சீராகத்தான் இருந்தது. பள்ளம் காய்ந்து கிடந்தது. சேற்றில் சின்ன நண்டுகள் ஆள் வருகிற அரவம் கேட்டு வளைக்குள் ஓடின. பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளை அடித்த கம்பங்கள் நட்டிருந்தார்கள்.

குடிலின் நீளமான ஜன்னலைத் திறந்ததும் அவள் "அம்மாடி" என்றாள். சேற்றுவெளி முழுக்கப் பறவைகள். ஒற்றைக் காலில், எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன.

"உங்க டெப்போ ஆளுங்க டீக்கு நிக்கற மாதிரி இல்ல?" என்றாள்.

அவர் பறவையைப் பார்க்கவில்லை. ஏழு மாதமாக அந்த முகத்தில் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று திரும்பி வந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று ஐம்பதுக்கு அவள் கேட்டாள். "போகலாமா? நாலு பத்துன்னு போட்டிருந்துச்சே."

"போர்டுல போடுவாங்க. அதுக்கு மேல பத்து நிமிஷம் இருக்கு, பாரு."

பாவம், அந்தப் பத்து நிமிஷத்தை அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை. பஸ் லேட்டாக வருவதற்கு டிராஃபிக் இருக்கிறது, சிக்னல் இருக்கிறது, சில்லறை இல்லாத பயணி இருக்கிறார். கடலுக்கு என்ன இருக்கிறது?

நாலு பதினெட்டுக்குப் பள்ளத்தின் ஓரம் வந்தபோது பாதையைக் காணோம். கம்பங்கள் மட்டும் தண்ணீருக்குள் வரிசையாக நின்றன. தண்ணீர் சத்தமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

பதினேழு மணியைப் பார்த்தார். கடைசி பஸ் ஐந்து ஐந்துக்கு. அவளுடைய சாயங்கால மாத்திரை வீட்டில். "நீ இங்கயே உட்காரு. நான் போய் ஆளைக் கூட்டிட்டு வர்றேன்" என்றார். உடனே, "இல்ல இல்ல, உன்னைத் தனியா விட மாட்டேன். நான் தூக்கிக்கறேன்" என்றார். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினாலே இடுப்பைப் பிடித்துக்கொள்கிற மனிதர். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வேறு எப்போதோ தேய்ந்துபோயிருந்தது.

அவள் சிரிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள், கம்பங்களைப் பார்த்தாள். தையல்காரிகள் உடம்பில் எங்கேயாவது நாலு ஊக்கு இல்லாமல் இருக்காது. குனிந்து அவர் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, காலுக்கு ஒன்றாக ஊக்கு குத்தினாள். தன் உடுப்பையும் அப்படியே தூக்கிக் குத்திக்கொண்டாள். மடக்கு நாற்காலியைக் கம்பத்தில் சாய்த்துவைத்தாள்.

"குடையக் குடுங்க. ஆழம் தெரியாம காலை விடக் கூடாது. நான் முன்னால போறேன், என் கையைப் பிடிச்சுக்கிட்டு வாங்க."

"ஏம்மா, உன் உடம்பு..."

"இன்னும் ஏறும். வாங்க."

குடையை ஊன்றி ஊன்றி அவள் போனாள். கணுக்கால், பிறகு கெண்டைக்கால், நடுவில் முழங்கால். தண்ணீர் பக்கவாட்டில் இழுத்தது. பாதி வழியில் அவருடைய இடது கால் மடங்கியது. அவள் அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தினாள். "கம்பத்தைப் பாருங்க. இன்னும் ஆறு கம்பம். அஞ்சு. நாலு." டிரைவரை ஒரு ஆள் கைபிடித்து ஓட்டிக்கொண்டு போவது அன்றைக்குத்தான் நடந்தது. மேட்டில் ஏறியதும் இரண்டு பேரும் முதல் பெஞ்சில் விழுந்தார்கள்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சு ஏறி இறங்குவதை அவர் பார்த்தார்.

"மூச்சு வாங்குதே" என்றார்.

"உங்களுக்கு என்னைவிட அதிகமா வாங்குது. உங்களுக்கு எவன் ஆபரேஷன் பண்ணான்?"

அவர் ஈரத் துணியோடு உட்கார்ந்து அழுதுவிட்டார். தன்னுடைய பத்து நிமிஷ ஞானத்தால் இவளைத் தானே தண்ணீரில் இறக்கிவிட்டோமே என்ற நினைப்பு அவரைப் போட்டு அறுத்தது. "எனக்குப் பயமா இருக்கு. நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றார். ஏழு மாதத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது இப்போதுதான்.

அவள் அவர் முகத்தைத் தன் ஸ்வெட்டரின் கையால் துடைத்தாள்.

"காலைல டூட்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி என் மூக்குகிட்ட விரலை வச்சுப் பார்க்கறீங்கல்ல?"

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"ஏழு மாசமா தெரியும். நீங்க எந்திரிச்சதுமே எனக்கு முழிப்பு வந்துடும். உங்களுக்குத் தெரியட்டுமேன்னு கொஞ்சம் பலமா மூச்சு விடுவேன்."

பதினேழு தலையைக் குனிந்துகொண்டார். கரையில் காவல்கார அம்மா கத்திக்கொண்டே ஓடி வருவது தெரிந்தது. "திங்கட்கிழமை கடைக்குப் போயிக்க" என்றார் மெதுவாக.

"போகத்தான் போறேன். இனிமே அந்த விரல் வேலையெல்லாம் வேண்டாம். எழுப்பி, போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க."

திங்கட்கிழமை முதல் டிரிப் ஐந்து மணிக்கு. நாலரைக்கு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். விரல் பழக்கத்தில் நீண்டது. அதை மடக்கிக்கொண்டு அவள் தோளைத் தொட்டு எழுப்பினார்.

"போயிட்டு வர்றேன்."

"ம்... போயிட்டு வாங்க" என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு படி இறங்கினார். பாதிப் படியில், திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்க்கலாமா என்று இருந்தது. போகவில்லை.