தெரிந்த ரத்தம்

துணி சுருங்காது என்று கடைக்காரர் ஆயிரம் சத்தியம் செய்தாலும், நனைத்துக் காயவைத்துப் பார்க்காமல் கத்திரியைத் தொடமாட்டாள் அந்தத் தையல்காரி. அப்படிப்பட்டவளின் வாழ்க்கையோ ஊர் பேர் தெரியாதவர்களை நம்பித்தான் ஓடியது. மகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் கோளாறு. மாதாமாதம் யாரோ கொடுத்த ரத்தம் ஏறினால்தான் அவள் ஓடுவாள், சண்டை போடுவாள், அம்மாவையே அதட்டுவாள். ஏறாவிட்டால் அந்தச் சின்ன இதயம் தாங்காது. இந்தப் பாரமெல்லாம் நமக்கு ஆகாது என்று புருஷன் எப்போதோ கம்பி நீட்டிவிட்டான்.

வைரஸ் ஊரெல்லாம் பரவியபோது அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பையில் வரும் ரத்தத்தில் அதுவும் இருந்துவிட்டால்?

"எல்லாத்தையும் விசாரிச்சு, சோதிச்சுதான் ஏத்துறோம். நாள் தள்ளாதீங்கம்மா" என்று டாக்டர் ஃபோனில் மன்றாடினார்.

"என் தம்பிக்கும் அதே குரூப்தான் டாக்டர். அவன் வந்து குடுக்கட்டும். நமக்குத் தெரிஞ்ச ரத்தம்" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

தம்பி சரக்கு வேன் ஓட்டுகிறவன். வெளியூர் போனவன் திரும்ப நாளாயிற்று. அதற்குள் மகள் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார ஆரம்பித்துவிட்டாள், உதடெல்லாம் வெளுத்து. அவன் வந்த கையோடு மூவரும் வேனில் கிளம்பினார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, நமக்குள் என்ன என்று மாஸ்க்கையும் கழற்றிவிட்டு, மாமாவும் மருமகளும் ஒரே பாட்டிலில் ஜூஸ் குடித்துக்கொண்டு வழியெல்லாம் பாட்டு. ஆஸ்பத்திரிப் படியிலும் மாமாதான் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினான்.

ரத்த வங்கியில் காய்ச்சல் இல்லை என்றது கருவி. டெக்னீஷியன் அவன் கையில் ஸ்பிரிட்டை ஊற்றினார். கண் எரியும் நெடி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா இவன்? மாஸ்க்கை இறக்கி உள்ளங்கையை முகர்ந்தான்.

"என்ன சார், பச்சைத் தண்ணிய ஊத்துறீங்க? வாசனையே இல்லையே!"

டெக்னீஷியன் சிரிக்கவில்லை. சட்டென்று பின்னால் நகர்ந்தார். "எப்பலேர்ந்து வாசனை தெரியல?"

"ரெண்டு நாளா சார். உடம்பு வலிச்சுது, மாத்திரை போட்டேன், சரியாயிடுச்சு. சொன்னா அக்கா பயந்துடுவான்னு..."

வாசலில் நின்றவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் இன்னும் மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பாவ அவர்கிட்டேர்ந்து விலக்குங்கம்மா!" டெக்னீஷியன் கத்தினார். பிறகு குரல் தாழ்ந்தது. "ரத்தம் மூலமா இது ஒருத்தருக்கும் பரவி நாங்க பார்த்ததே இல்லம்மா. மூச்சுலதான் பரவுது."

தம்பியை அறையக் கை ஓங்கினாள். கை அப்படியே நின்றது. அவனை வரவழைத்தவளே அவள்தானே!

மகளைத் தனியறையில் படுக்கவைத்தார்கள். வங்கியில் தயாராக இருந்த ரத்தத்தைக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். யாருடையது என்று அவள் கேட்கவில்லை. அந்த வேன் காற்றை அவளும்தான் சுவாசித்திருந்தாள். அதனால் கதவோரம் நாற்காலி போட்டு, மாஸ்க்குக்கு மேல் மாஸ்க் கட்டி உட்காரவைத்திருந்தார்கள்.

"அம்மா, மடியில படுத்துக்கவா?"

"வேணாம்டி செல்லம். அங்கேயே படு."

குழந்தை அவளையே பார்த்தது. "எம்மேல கோவமா? நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"