கதிரேசு அண்ணையின் கரி இழை

கதிரேசு அண்ணை போய்விட்டார் என்று கைபேசியில் செய்தி வந்தபோது, யாரிடமிருந்து தப்ப இம்முறை சாகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். போன வருடம் கொழும்பு வியாபாரி ஒருவன் அவருடைய பழைய மின்குமிழ்களை விலைக்குக் கேட்டு நச்சரித்தபோது, "அவர் மோசம் போயிட்டார்" என்று மனைவியைக் கொண்டு சொல்லவைத்த மனிதர். சுன்னாகத்துக்குப் போய் அவர் வீட்டு வாசற் படலையில் வெள்ளைக் கொடியைக் கண்ட பிறகே நம்பினேன்.

ஓய்வுபெற்ற தபாலதிபரான அவர் சேர்த்தவை, மின்குமிழ் செய்யத் தொடங்கிய காலத்துப் பொருட்கள். மூங்கில் நாரைச் சுட்டுச் செய்த கரி இழை, பித்தளை மூடி, காற்றை உறிஞ்சிய இடத்தில் உச்சி கூராய் நீண்ட கண்ணாடிக் குமிழ். காந்தம் வைத்துப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டார். அவரை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. குருநகர் நண்பர் ஒருவர், பூட்டனார் காலத்துச் சாமான் என்று ஒரு குமிழைக் கொண்டுவந்தார். மூடியில் காந்தம் ஒட்டிக்கொண்டது.

"பித்தளை எண்டால் உது ஏன் ஒட்டுது? உங்கடை பூட்டனார் போன கிழமையே செத்தவர்?" என்றார் அண்ணை. நண்பர் அதன்பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நானும் இதே பொருட்களைத் தேடி அலைகிறவன். ஒவ்வொரு முறையும் விடைபெறும்போது, "பொக்கற்றை ஒருக்கா வெளியிலை இழுத்துக் காட்டும்" என்று என்னைப் படலையில் மறிப்பார். அளவெட்டியிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவனுக்கு நல்ல மரியாதை! ஒருநாள், பெரிய பையோடு வந்த ஒருவரைச் சிரித்தபடி அனுப்பிவிட்டு என்னை மறித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, நான் கள்ளனோ?"

"ஆர் சொன்னது? பொக்கற்றைக் காட்டும்."

இத்தனை பழகியும் என்னை நம்பவில்லையே என்று உண்மையாகவே நொந்துபோனேன். சில மாதங்கள் அங்கே போகாமலும் இருந்தேன். அந்தக் குமிழ்களைப் பார்க்கும் ஆசைதான் திரும்ப இழுத்துவந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று சாப்பிட்டுப் புறப்பட்டபோது, படலையில் கால் தானாக நின்றது. கை காற்சட்டைப் பையை வெளியே இழுத்தது. பார்க்க ஆள் இல்லை. அழுதுவிட்டேன்.

பின்னால் வந்த அவருடைய மனைவி மனோன்மணி அக்கா, தொங்கிய பையைப் பார்த்தார்.

"வேறை ஒருத்தற்றை பொக்கற்றையும் அவர் பார்க்கிறேல்லை, தம்பி. ஏனெண்டு கேட்டனான். 'மற்றவைக்கு உது வெறும் கரி. உவனுக்குத்தான் அருமை தெரியும். எடுத்தால் உவன்தான் எடுப்பான்' எண்டவர்."

சொல்லிவிட்டு, மாத்திரை போட்டுவைக்கும் சிறிய குளிசைப் போத்தல் ஒன்றை என் கையில் வைத்தார். உள்ளே பஞ்சில் சுற்றிய கரி இழை.

அது என்னிடம் இருக்கிறது. அவருடைய சந்தேகமும் கூடவே வந்துவிட்டது. கொண்டுவந்த அன்றே, அசல்தானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன். அசல்தான். ஆனால் திருடக்கூடியவன் என்று என்னை மதித்த ஒரே மனிதர் போய்விட்டார்.