சன்னலுக்கு வெளியே நின்ற சாட்சி

திருமணத்தின்போது மருத்துவச்சிப் பதிவேட்டிலிருந்து என் பெயரை நானே விலக்கிக்கொண்டேன். 1980களின் நடுவில், பிள்ளைகள் வளர்ந்தபின், மீண்டும் அப்பணிக்குத் திரும்ப ஆசை எழுந்தது. பதிவுபெற்ற மருத்துவச்சி ஒருவரின் கண்முன்னே சில மகப்பேறுகள் பார்த்தால்தான் உரிமம் திரும்பக் கிட்டும் என்பது விதி.

மலேசியாவின் கோலசிலாங்கூர்த் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்து வீடொன்றில், அவற்றுள் கடைசி மகப்பேறு. செல்வி வலியில் துடித்தாள். என்னைக் கண்காணிக்க வேண்டிய மருத்துவச்சி மேரியோ இன்னும் வந்து சேரவில்லை.

"என்னா லா, கையக் கட்டிக்கிட்டு நிக்கிற? புள்ள வருது!" என்று செல்வியின் மாமியார் அதட்டினார்.

மேரி இல்லாமல் தொட்டால் என் விண்ணப்பமே தள்ளப்படலாம். ஆயினும் குழந்தையின் தலை தெரிந்துவிட்டது. உரிமம் போனால் போகட்டும் என்று குனிந்தேன்.

அக்கணம் சன்னல் கம்பிகளுக்கிடையே சேறு படிந்த முகமொன்று தோன்றியது. வாசலை அடைத்து நின்ற பெண்களைத் தாண்ட இயலாமல் மேரி வீட்டைச் சுற்றி ஓடிவந்திருந்தாள்.

"புடிங்கக்கா! நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். மோட்டாரு வண்டி சகதியில மாட்டிக்கிச்சு!"

"உள்ள வாயேன்டி!" என்றேன்.

"கண்ணு முன்னாடின்னுதானே சட்டம்? என் கண்ணு உள்ளதானே இருக்கு!"

வலிக்கிடையிலும் செல்வி சிரித்துவிட்டாள். அடுத்த நொடி ஒரு பெண் குழந்தை வீறிட்டபடி என் கைகளுக்கு வந்தது.

"சன்னல்ல தொங்குறவளுக்கும் சேத்துக் காப்பி கலக்குங்கடி!" என்றார் மாமியார். லயமே சிரித்தது.

உரிமம் பின்னர் வந்துசேர்ந்தது. அவ்விதியை எனக்கு இட்ட தடையென்றே அதுவரை எண்ணியிருந்தேன். ஆனால், நெடுநாள் கழித்து இப்பணிக்குத் திரும்பிய என் கைகளுக்கு அன்று வேண்டியிருந்ததெல்லாம், ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற துணைதான்.