மலைக்கு நேர்ந்துவிட்ட குதிரை

எங்க அண்ணி செவெல்மா சாமி கும்பிடுற அழகைப் பார்த்து கூடாரம் போட்டு மந்தை மேய்க்கிற இந்தப் பள்ளத்தாக்கே மெச்சும். நான் மெச்ச மாட்டேன். என் அண்ணன் கொம்போவைச் சாவுல கொண்டுபோய்ச் சேர்த்ததே அந்தக் கும்பிடுதான். அவளைப் பத்தி நல்லபடியா நாலு வார்த்தை வேணும்னா வேற யாரையாவது கேளுங்க.

வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே எழுந்திருப்பா. பால் ஊத்தின டீ கொதிச்சதும் முதல் கரண்டி மனுஷங்க யாருக்கும் கிடையாது. சாமிக்குத் தெளிக்கன்னே குழி குழியா வெட்டின மரக்கரண்டியில மொண்டுக்கிட்டு வெளிய போய், நாலு திசைக்கும் வானத்தைப் பார்த்துத் தெளிப்பா. கடைசியா எங்க மலைக்கு. மலைக்குப் பேர் இருக்கு, ஆனா அதுக்கு நேரா நின்னுக்கிட்டுச் சொல்லக்கூடாது. ‘அன்பானவர்’னுதான் சொல்வோம். இதுல அதிசயம் ஒண்ணுமில்ல, எங்க பொம்பளைங்க எல்லாரும் செய்யறதுதான். பக்கத்துக் கூடாரத்துல இருந்த நானும் பொம்பளைதானே, தெளிப்பேன். தெளிச்ச கையோட உள்ள ஓடிவந்துடுவேன், நின்னா காது மரத்துப்போகும். அண்ணி ஓடமாட்டா. கண்ணை மூடிக்கிட்டு அங்கயே நிப்பா. உள்ள கொம்போ கிண்ணத்தைக் கையில வெச்சுக்கிட்டு, “பெரியவரு குடிச்சு முடிச்சாச்சுன்னா எனக்கும் கொஞ்சம் ஊத்தும்மா”ன்னு கிண்டல் பண்ணுவான். அவ சிரிச்சுக்கிட்டே வந்து ஊத்துவா.

அவ தாய் முகம் தெரியாதவ. மாமன் வீட்டுல சாணி பொறுக்கி, அடி வாங்கி வளர்ந்தவ. கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில முதல் டீயைத் தெளிச்சப்போ காத்து வந்து கன்னத்தைத் தொட்டுச்சாம். ‘வந்துட்டியா’ன்னு யாரோ கேட்ட மாதிரி இருந்துச்சாம். அதுவரைக்கும் தன்னை யாரும் அப்படிக் கேட்டதில்லன்னு என்கிட்டயே சொல்லியிருக்கா. அதே காத்து எனக்கு மூக்குல தண்ணிதான் வரவழைச்சுது. ஆனாலும் அவ சொன்ன விதத்துல அன்னைக்கு என் மனசும் இளகிடுச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன்.

ஒரு நல்ல வருஷத்துல, மந்தை பெருகின சந்தோஷத்துல, புருஷனும் பொண்டாட்டியுமா சேர்ந்து ஒரு செங்குதிரையை மலைக்கு நேர்ந்துவிட்டாங்க. பிடரியில நீலத் துணி கட்டியாச்சு. அதுக்கப்புறம் அது மேல யாரும் சேணம் போடக்கூடாது, விக்கக்கூடாது, சாட்டையால தொடக்கூடாது. தின்னுட்டுத் தின்னுட்டு அது கொழுத்துக் கிடந்துச்சு.

அப்புறம் வந்துச்சு அந்தப் பாழாப்போன குளிர்காலம். பனி பெஞ்சு, உருகி, மறுபடி உறைஞ்சு, புல்லு மேல இரும்புத் தகடு போட்ட மாதிரி இறுகிப்போச்சு. ஆடுமாடு நின்ன இடத்துலயே செத்து விழுந்துச்சு. சவாரிக் குதிரைங்க எலும்பும் தோலுமா எழுந்து நிக்க முடியாம கிடந்துச்சு. தெம்பா நின்னது அந்தச் செங்குதிரை ஒண்ணுதான். டீக்குப் பால் கிடையாது. இலையுதிர் காலத்துல உறையவெச்ச பால்கட்டி ஒண்ணு மட்டும் மிச்சம் இருந்துச்சு. அதை அண்ணி நாங்க தொடாம ஒளிச்சு வெச்சு, காலையில சுரண்டிச் சுரண்டி வானத்துக்குக் கொடுத்தா. அப்பவே எனக்கு வயிறு எரிஞ்சுது.

ஒரு மத்தியானம் புயல் கிளம்பிச்சு. மிச்சமிருந்த ஆடுங்க காத்தடிச்ச பக்கமே நடக்க ஆரம்பிச்சுது. அதுங்க அப்படித்தான், விட்டா செத்து விழுற வரைக்கும் நடக்கும். கொம்போ கால்நடையாவே பின்னால போனான். சாயங்காலம் ஆகப்போகுது, ஆளைக் காணோம். காத்து கொஞ்சம் தணிஞ்சதும் நான் சேணத்தைத் தூக்கிக்கிட்டுச் செங்குதிரைகிட்ட போனேன். அண்ணி வந்து குறுக்க நின்னா.

“அண்ணி, நகருங்க. போனது உங்க புருஷன்.”

“அதனாலதான் சொல்றேன். கொடுத்ததைப் பிடுங்கினா அன்பானவருக்கு மனசு விட்டுப்போகும், தொல்கோர். இப்ப என் புருஷனுக்கு அந்த அன்பு ஒண்ணுதான் துணை. அதையும் கெடுத்துடாத.”

அவ கத்தல. அழல. காலையில கும்பிடுறப்போ இருக்கிற அதே முகம். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன், சேணத்தால இடிச்சேன். குதிரை கழுத்தைக் கட்டிப் பிடிச்சவ விடவே இல்ல. கடைசியில நானே இடுப்பளவு பனியில இறங்கினேன். மேடு வரைக்கும்தான் போக முடிஞ்சுது. தொண்டை கிழியக் கூப்பிட்டேன். இருட்டினதும் திரும்பிட்டேன்.

மறுநாள் வானம் துடைச்சுவிட்ட மாதிரி தெளிஞ்சு கிடந்துச்சு. அவ முதல்ல மலைக்குத் தெளிச்சா, அப்புறந்தான் என்கூட தேட வந்தா. கொம்போ மேட்டுக்கு அந்தப் பக்கம், அடுத்த பள்ளத்துலயே, ஆடுங்களுக்கு நடுவுல உட்கார்ந்த வாக்குல விறைச்சிருந்தான். குதிரைக்கு அது ஒரே ஓட்டத்துல எட்டுற தூரம். ஆடுங்கள்ல பாதி உயிரோட இருந்துச்சு.

அவ அழுதா, நல்லாவே அழுதா. அடுத்த நாள் காலையில கரண்டியோட வெளிய வந்துட்டா. அதுக்கடுத்த நாளும் வந்தா. நான் அவகூடப் பேச்சை நிறுத்தினேன். பனி உருகி, ஆடுகளுக்கு ரோமம் சீவுற காலம் வந்தும் பேசல. ஒருநாள் விடியற்காலை, செங்குதிரை புதுப்புல் மேஞ்சுக்கிட்டிருக்கு, இவ கண்ணை மூடி நிக்கிறா. எனக்கு ரத்தம் கொதிச்சுது. போய்க் கரண்டியைப் பிடுங்கினேன்.

“உங்க அன்பானவர் இப்பவும் கன்னத்தைத் தொடுறாரா அண்ணி?”

“இல்ல. அன்னைக்கிலேர்ந்து ஒண்ணுமே இல்ல. வெறும் காத்துதான்.”

“அப்புறம் எதுக்கு இது?”

அவ மலையைப் பார்க்கல, என்னைத்தான் பார்த்தா.

“நிறுத்திட்டேன்னா அங்க யாருமே இல்லன்னு ஆயிடும். அப்ப உன் அண்ணனைக் கொன்னது யாரு? நான்தானே.”

நான் கரண்டியை அவ கையிலயே திருப்பிக் கொடுத்தேன். மனசு இரங்கிக் கொடுத்தேன்னு நினைச்சுடாதீங்க. உயிர் இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு காலையும் வந்து, இப்படியே நின்னு தெளிக்கட்டும்னுதான் கொடுத்தேன்.